இரண்டு ரூபாய் முடிவெட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாள் என்று நம்பி எழுதுகிறேன். நான் சௌக்கியம். காதில் சின்னக் கட்டு மட்டும் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

போன வெள்ளிக்கிழமை முடிவெட்டப் போனேன். கடை வாசலில் விலைப்பலகையைப் பார்த்ததும் கால் தானாகத் திரும்பிவிட்டது. அந்தக் காசில் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு. அறைக்கு வந்ததும், பக்கத்துக் கட்டிலில் படுக்கும் வெல்டர் அண்ணன், "இதுக்குப் போய் காசைக் கரியாக்குவியா? உட்காரு, நான் வெட்டுறேன்" என்றார். இரும்பு வெட்டிப் பழகிய கை. காதும் கொஞ்சம் சேர்ந்து வந்துவிட்டது. மருந்து போட்டுக்கொண்டே, "எங்க ஊர்ல ரெண்டு ரூபாய்க்கு வெட்டி, பவுடரும் போட்டு அனுப்புவாங்க. அதெல்லாம் ஒரு காலம்டா" என்று பெருமூச்சு விட்டார்.

"எங்க ஊர்லயும் ரெண்டு ரூபாதாண்ணே" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. என்னையும் தம்பியையும் கடையில் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் வெளியே நிற்பீர்கள். வீட்டுக்கு வந்ததும், அம்மா கண்ணாடியைப் பிடிக்க, உங்கள் முடியை நீங்களே கத்தரித்துக்கொள்வீர்கள். கடைக்காரருக்கு உங்கள் முடி வசப்படாது என்பீர்கள், நானும் நம்பினேன். அன்றைக்கும் எதுவும் மலிவாக இல்லை அப்பா. நீங்கள் விட்டுக்கொடுத்ததால் எங்களுக்கு மலிவாகத் தெரிந்திருக்கிறது.

இந்த மாதம் நீங்கள் கடைக்குப் போய் நிதானமாக முடிவெட்டிக்கொள்ளுங்கள். மறுக்கக் கூடாது.

யாராவது இங்கே வந்தால், அம்மாவின் தலையணை உறை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறார்கள்.

உங்கள் மூத்தவன்