உயிரோடு மாட்டிய படம்

பூஞ்ஞாறு,
கர்க்கடக மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க டெஸ்ஸி சேச்சிக்கு,

ஆமினா எழுதுகிறேன். உங்கள் தம்பி அவறாச்சன் நலம். நன்றாகச் சாப்பிடுகிறான், தூங்குகிறான், கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கிறான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குக் கீழே நலம் என்று எழுத என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

போனில் பேசலாம்தான். ஆனால் நான் கூப்பிடும்போதெல்லாம் நீங்கள் வார்டில் இருக்கிறீர்கள். நீங்கள் கூப்பிடும்போது நான் யார் வீட்டு அழுகைக்கோ நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். குரலைப் பதிவு செய்து அனுப்பினால் பஸ்ஸில் கேட்டுவிட்டு, "சரி ஆமினா, நீ பாத்துக்கோ" என்று ஒரு வரி போடுவீர்கள். என்னால் பார்த்துக்கொள்ள முடியவில்லை சேச்சி. மேலத்து வீட்டு ரெஜியின் மனைவி வியாழக்கிழமை அயர்லாந்துக்குத் திரும்புகிறாள். அவள் பெட்டியில் பலாக்காய் வறுவலுக்கும் மீன் ஊறுகாய்க்கும் நடுவில் இந்தக் கடிதம் வரும். எண்ணெய்க் கறை பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது எல்லாம் உங்களுக்குத் துண்டு துண்டாகத் தெரியும். கோத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள், அதற்கு நேரம் ஏது? அதனால் ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

போன வருஷம் ஐப்பசியில் துலா மழை தொடங்கும் சமயம் உங்களைப் பெற்ற அம்மச்சி எங்கள் ஆபீசுக்கு வந்தார். ஒரு கையில் ஸ்கேன் உறை, இன்னொரு கையில் அவறாச்சன். அவனுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது, மனசுக்கு நாலு வயதுகூட இல்லை. வயிறு முழுக்கக் கட்டி, பார்த்தால் புற்றுநோய் மாதிரி இருக்கிறது, ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மச்சி அதற்கு ஒப்பவில்லை. "குத்திப் பாத்து நான் ஆஸ்பத்திரியில படுத்துட்டேன்னா இவனை யாரு கொண்டுபோய்ச் சேக்கறது? முதல்ல இவன். அப்புறம் என் வயிறு" என்றார்.

என் வேலை இதுதான். பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் திகைத்து நிற்பவர், புருஷனைப் புதைத்துவிட்டு வந்தவள், ஜெயிலிலிருந்து வெளியே வந்தவன், எல்லாரையும் பழைய வாழ்க்கையிலிருந்து கைபிடித்து அடுத்த வாழ்க்கையில் கொண்டுபோய் விடுவது. "கட்டிக்கொடுக்கறதும் நீ இல்ல, குழி தோண்டறதும் நீ இல்ல, நடுவுல உனக்கு என்னடி சம்பளம்?" என்று என் உம்மா கேட்பாள். அந்த நடுவுக்குத்தான் சம்பளம்.

தொடுபுழையில் அவனைப் போன்றவர்களுக்கான ஒரு தங்கும் இல்லத்தைப் பிடித்தேன். அங்கே பொறுப்பாளர் பைலி சேட்டன், மாடு மாதிரி உடம்பும் மெதுவான பேச்சும் உள்ள மனிதர். அவறாச்சனுக்கு அம்மச்சி செய்த வேலைகளை ஒவ்வொன்றாக அவர் கைக்கு மாற்றினோம். முதலில் முகச்சவரம். அம்மச்சி செய்வார், பைலி சேட்டன் பக்கத்தில் நிற்பார். பிறகு அவர் செய்வார், அம்மச்சி பக்கத்தில் நிற்பார். பிறகு அம்மச்சி வாசலில், பிறகு சமையலறையில், பிறகு அந்த இல்லத்திலேயே இல்லை. சமையலறையில் இருந்து அவர் இருமினால்கூட அவறாச்சன் திரும்பிப் பார்த்தான். இருமக் கூடாது என்று சொன்னேன். சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றார். குளியல், சோறு, மாத்திரை, படுக்கை எல்லாம் இப்படித்தான். ஒவ்வொரு தடவை நான் போகும்போதும், "இன்னிக்கு எதைப் பறிக்க வந்திருக்கே?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அவர் காய்ச்சும் தலை எண்ணெயைக்கூடப் புட்டியில் ஊற்றிக் கொடுக்கச் சொன்னேன். இப்போது பைலி சேட்டன் கையில்தான் அந்த மணம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அம்மச்சியைப் போல ஒரு மாணவி எனக்குக் கிடைத்ததில்லை.

கடைசியாகச் சாவைச் சொல்ல வேண்டியிருந்தது. "சொர்க்கத்துக்குப் போயிட்டா" என்று சொல்வது அவனுக்கு உதவாது. அவனைப் பொறுத்தவரை போனவர்கள் எல்லாரும் வருவார்கள். நீங்கள் அயர்லாந்துக்குப் போனீர்கள், வந்தீர்கள். ஒரே ஒருவருக்காகத்தான் அவன் வாசலில் நிற்கமாட்டான். அது இறந்துபோன உங்கள் அப்பா, அப்பச்சன். அப்பச்சனின் படத்துக்கு மேலே சின்னச் சிவப்புப் பல்பு எரிகிறதே, அந்தப் பல்புக்குக் கீழே போனவர்கள் வரமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அதைக் கவனித்தது நானில்லை, அம்மச்சிதான். "நான் செத்தப்புறம் என் படத்தை நீ மாட்டி, அவன் மூர்க்கம் பிடிச்சான்னா யாரு சமாளிப்பா? நான் இருக்கும்போதே மாட்டிரு. ஏதாவது கோளாறுன்னா சொல்லித்தர ஆளு இருக்கும்ல" என்றார். நல்ல யோசனை என்று நான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் நல்ல யோசனை என்றுதான் சொல்வேன், அதுதான் என் கஷ்டம்.

பாலாயில் ஸ்டுடியோவுக்குப் போனோம். படம் எதற்கு என்று அங்கிருந்த பையன் கேட்டதற்கு, "சுவத்துல ஏறத்தான். சிரிக்காம எடு. சிரிச்சா கூப்பிடற மாதிரி இருக்கும், அவன் வந்துடுவான்" என்றார்.

படத்தை இல்லத்தில் அவன் அறையில் மாட்டி நான்தான் பல்பைப் போட்டேன். அம்மச்சி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவறாச்சன் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தான். "அம்மச்சி போயிட்டா. இனி வரமாட்டா" என்றேன். "வரமாட்டா" என்றான். முதலில் சோறு இறங்கவில்லை, மணிக்கட்டைக் கடித்துக்கொண்டான். அம்மச்சி தினமும் போனில், "சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்பார். ஒருநாள் சாப்பிட்டான் என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், "இனி என்ன வேணாலும் குத்திக்குங்க" என்று படுத்துவிட்டார்.

குத்தினார்கள். புற்றுநோய் இல்லை. வயிற்றில் காசநோய்.

அந்த டாக்டர் சந்தோஷத்தில் கத்தியே சொன்னார், மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் எழுந்து நடமாடலாம், இன்னும் இருபது வருஷம் இருக்கலாம் என்று. நீங்கள் போனில் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லி அழுதீர்கள். நான் வார்டு முழுக்க லட்டு கொடுத்தேன். அம்மச்சி ஒரு லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்போ அந்தப் படத்தை இறக்கிரு மோளே" என்றார். அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது.

படத்தை இறக்கும் முன் அவன் அம்மச்சியை ஒருமுறை நேரில் பார்க்கட்டும் என்று அவரைத் தொடுபுழைக்கு அழைத்துப் போனேன். அம்மச்சி பாதியாய் இளைத்திருந்தார், முடி கொட்டியிருந்தது, மேலெல்லாம் ஆஸ்பத்திரி வாடை. அவறாச்சன் நாற்காலி கொண்டுவந்து போட்டான், தண்ணீர் கொடுத்தான். வரும் விருந்தாளிக்கு அப்படிச் செய்ய வேண்டும் என்று பைலி சேட்டன் பழக்கியிருக்கிறார். அம்மச்சி, "மோனே, நான்தான்டா" என்று கையைப் பிடித்தார். அவன் அந்தக் கையை மோந்து பார்த்தான். பிறகு அதே கையைப் பிடித்து, மரியாதையாக, படத்துக்கு முன்னால் கூட்டிப் போனான். "அம்மச்சி. போயிட்டா. இனி வரமாட்டா" என்றான். யார் வந்தாலும் இப்படித்தான் காட்டுகிறானாம். அம்மச்சி திரும்பத் திரும்ப நான்தான் என்றார். அவனும் சளைக்காமல் அதையே சொன்னான், புரியாத ஒருவருக்கு எடுத்துச் சொல்வது போல. மழை விட்டதும் குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடியது சேச்சி, அதை அம்மச்சி பார்க்கவில்லை. நாங்கள் கிளம்பியதும் அவன் அறைக்குள் போய் அந்தப் பல்பை அணைப்பதும் போடுவதுமாக இருந்தானாம். அணைத்துவிட்டு வாசலைப் பார்ப்பான், போட்டுவிட்டுப் படத்தைப் பார்ப்பான். பைலி சேட்டன் ஸ்விட்சில் இருந்து அவன் கையை விலக்கியதும் மணிக்கட்டை ரத்தம் வரக் கடித்துவிட்டான். அவன் பழையபடி ஆகப் பல வாரம் ஆயிற்று.

அதன்பிறகு நான் சொன்னது உங்களுக்குத் தெரியும். அம்மச்சி இப்போதைக்கு அவனைப் பார்க்கப் போக வேண்டாம், வீட்டுக்கும் அழைக்க வேண்டாம், படமும் சுவரிலேயே இருக்கட்டும். இன்று அழைத்து வந்தால் என்றோ ஒருநாள் இதே சாவை அவன் மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டும். ஒருவனை இரண்டு தடவை அனாதையாக்க என்னால் முடியாது. அம்மச்சி கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உன்மேல தப்பில்ல மோளே. நீ எனக்குச் சாகக் கத்துக்கொடுத்தே. நான் சாகலைன்னா அதுக்கு நீ என்ன பண்ணுவே?" என்றார். ஊரில் சிலர் பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்கிறார்கள். எனக்கு அவர்களை அறையலாம் போல இருக்கிறது. எங்கள் ஆபீசிலோ இதை வெற்றி என்கிறார்கள். திருச்சூரில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் வந்து இதை விளக்க வேண்டுமாம்.

இனி எழுதப் போவது உங்களுக்குத் தெரியாதது. அம்மச்சி மாத்திரையை நிறுத்திவிட்டார். சுகாதாரப் பணிப்பெண் முன்னால் வாயில் போட்டுக்கொள்கிறார், அவள் படியிறங்கியதும் வாழைத் தூரில் துப்புகிறார். நான் என் கண்ணால் பார்த்தேன். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும், அடுத்த முறை எந்த மருந்துக்கும் அடங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீங்கள் நர்ஸ், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்டதற்கு, "எல்லா ஏற்பாடும் பண்ணியாச்சு, படம்கூட மாட்டியாச்சு. இனி மாத்திரை எதுக்கு? இந்த வீட்டுல யாருக்கு எழுந்து கஞ்சி வைக்க?" என்கிறார். அவர் தனக்கென்று அடுப்பு மூட்டி நான் பார்க்கவில்லை. ரெஜி வீட்டிலிருந்து வரும் கப்பைக்கிழங்கும் மீனும் மூடியபடியே புளித்துக் கிடக்கின்றன.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். சர்ச்சில் அம்மாமார் சங்கம், வளர்க்க ஒரு ஆட்டுக்குட்டி, பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுக் குழந்தை எல்லாம் சொன்னேன். "என்கிட்டயே உன் வித்தையைக் காட்டறியா? பாதி நான் சொல்லிக்கொடுத்தது" என்று சிரித்தார். பிறகு உங்களைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, எழுதுகிறேன். "டெஸ்ஸியை எதுக்குத் தொந்தரவு பண்றே? அவறாச்சனைப் பாக்கறதுலயே நேரம் போயி, அவளுக்குச் சின்ன வயசுலயே தானே தலை பின்ன, தானே போட்டுத் திங்கக் கத்துக்கொடுத்துட்டேன். நான் வேண்டாம்னு ஆகறதுக்கு அவளுக்கு உன்னை மாதிரி ஒரு ஆளுகூட வேண்டியிருக்கல" என்றார்.

சேச்சி, உங்களுக்கு லீவு கிடைக்காது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், அது எனக்குத் தெரியாமல் இல்லை. அவறாச்சனுக்காக வர வேண்டாம், அவனுக்கு ஆள் இருக்கிறது. அம்மச்சியைப் பார்த்துக்கொள்ளவும் வர வேண்டாம். அவரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வந்தால் படுத்தபடியே வழியனுப்பிவிடுவார். உங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வாருங்கள். காய்ச்சல் என்று சொல்லுங்கள். தலை வலிக்கிறது, எண்ணெய் வைத்துவிடு என்று மடியில் தலையை வையுங்கள். விமானத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தாலும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பசிக்கிறது அம்மச்சி என்று சொல்லுங்கள். என் வேலையில் யாரையும் நான் பொய் சொல்லச் சொன்னதில்லை. உங்களிடம் கேட்கிறேன். அது பொய்யாக இருக்காதோ என்றும் சில சமயம் தோன்றுகிறது, தெரியாது, நான் அதற்குள் வர முடியாது.

படைத்தவன் உங்களையும் பிள்ளைகளையும் காக்கட்டும். அம்மச்சி எழுந்து அடுப்படிக்குப் போவார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. யாராவது ஒருவர் வந்து பசிக்கிறது என்று சொன்னால் ஒருவேளை போவார். சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் வீட்டில் இதுவரை எல்லாவற்றையும் சரியாகவே செய்த,
ஆமினா