நாற்பத்திரண்டில் பன்னிரண்டு

அன்புள்ள ஆல்வின் அண்ணாவுக்கு,

கர்த்தருடைய இரக்கத்தால் இங்கே அப்பா, அம்மா, நான், நேற்று கன்று போட்ட சிவப்புப் பசு எல்லோரும் சுகம். மொன்டானாவில் கூரை போடுகிற நீயும் உன் சுத்தியலும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். வழக்கமாக அம்மாதான் எழுதுவாள், இந்தத் தடவை அவளுக்கு வெட்கமாம். எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொல்கிறாள், நான் எழுதுகிறேன்.

உன் போன கடிதத்தில் நான் முதலில் கவனித்தது நாற்பத்திரண்டு என்ற எண்ணைத்தான். அம்மா அதைக் கவனிக்கவில்லை. ஜாப் ஆரம்பத்தில் நன்றாக இருந்தது, மூன்றிலிருந்து ஒரே புலம்பல், நண்பர்கள் மூன்று பேரும் பேசுகிறார்களே தவிர ஒருத்தராலும் உதவியில்லை, ஜாப்பிலேயே தூங்கிவிடுகிறேன், நாற்பத்திரண்டில் பன்னிரண்டுதான் ஆகியிருக்கிறது, விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன் என்று நீ இங்கிலீஷில் எழுதியிருந்தாய். அம்மா அதை மூன்று தடவை சத்தமாகப் படித்துவிட்டு, பிள்ளை கூரை மேல் தூங்குகிறானே, விழுந்தால் யார் பிடிப்பது என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த மூன்று சோம்பேறிகளும் யார் வீட்டுப் பையன்கள் என்று வேறு கேட்டாள். மறுநாள் காலை அப்பா உன் முதலாளி மெர்வினுக்கு, என் மகனை ரயிலேற்றி அனுப்பிவிடுங்கள் என்று எழுதி, பாதை முனைத் தபால் பெட்டியில் வைத்து, தபால்காரர் பார்த்து எடுத்துப்போகட்டும் என்று அதன் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டு வந்தார்.

மேசையில் நான் வாய் திறக்கமாட்டேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் பள்ளியை விட்டபிறகு, ரொட்டி மாவு பொங்குகிறவரை நான் வேதத்தைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன், எந்தப் புத்தகத்துக்கு எத்தனை அதிகாரம் என்று தெரியும். பெரிய ஜெர்மன் வேதத்தைத் தூக்கிவந்து, யோபுவின் கடைசி அதிகாரத்தைத் திறந்து, 42 மேல் விரலை வைத்து அம்மா முன்னால் நின்றேன். அந்த எண்ணைப் பார்த்தாள். யோபுவுக்கு எத்தனை நண்பர்கள் என்று மெதுவாகக் கேட்டாள். அப்பா சிரித்ததில் காப்பி சட்டையெல்லாம் கொட்டிவிட்டது. அம்மா மட்டும் சிரிக்காமல், தபால்காரர் பத்து மணிக்கு வந்துவிடுவார், ஓடு என்றாள். அவருடைய கார் பக்கத்துப் பண்ணை வாசலில் நிற்கும்போது நான் கொடியை இறக்கி உறையை எடுத்துவிட்டேன்.

அம்மா எழுதச் சொல்வது: நம் ஜெர்மன் வேதத்தில் யோபு ஹியோப், இங்கிலீஷில் அவர் பெயரும் ஜாப், வேலையும் ஜாப், இரண்டுக்கும் ஒரே மூன்று எழுத்து என்றால் அது என் தப்பா. பெரிய எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் நீ எல்லாப் பொருளின் பெயரையும் பெரிய எழுத்தில் தொடங்குகிற ஜெர்மன் பழக்கத்தில் வாளியைக்கூடப் பெரிய எழுத்தில் எழுதுகிறவன். படுத்துக்கொண்டு வேதம் படிக்காதேடா, நீ படுத்துவிட்டால் அந்த மூன்று பேரும் வந்து கத்தினாலும் எழும்பமாட்டாய். காலையில் காப்பி குடித்ததும், பூட்ஸ் மாட்டுமுன் படி. ஓர் அதிகாரம் முடியாவிட்டால் பத்து வசனம். முதலில் கடனே என்றுதான் இருக்கும், பிறகு ஒருநாள் விட்டாலே சாப்பிடாதது போல இருக்கும். மெர்வினை விட்டுவந்தாலும் வா, யோபுவை நடுவழியில் விடாதே.

அப்பாவுக்கு ஒரு யோசனை. நாளையிலிருந்து காலை ஜெபத்தில் நாங்களும் லூக்காவை நிறுத்திவிட்டு யோபு பதின்மூன்றிலிருந்து வாசிக்கிறோம், நீ அங்கே தனியாக மாட்டிக்கொள்ள வேண்டாம். கண்டுபிடித்தவளே சத்தமாக வாசிக்கட்டும் என்கிறார். அதற்குள் யாருக்காவது வாசித்துக் காட்டிப் பழகிக்கொள்ள வேண்டும்.

கர்த்தர் உன்னைக் கூரை மேலும் கீழும் காப்பாராக. கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறோம், போட்டுக்கொள். அடுத்த கடிதத்தில் எந்த அதிகாரம் என்று மறக்காமல் எழுது.

அப்பா, அம்மா ஆசீர்வாதத்துடன்,
உன் தங்கை வெர்னா

பி.கு. அம்மா பீன்ஸ் சட்டியோடு உள்ளே போய்விட்டாள். நான் வேதத்தின் அடையாள நாடாவை லூக்காவிலிருந்து எடுத்து யோபு பதின்மூன்றில் வைத்துவிட்டு, முதல் வசனத்தைப் பசுவுக்கு வாசித்துக் காட்டினேன்.