உதறாத தெர்மாமீட்டர்

என் செல்ல வாயாடிக்கு,

அம்மாவின் முத்தங்கள். நானும் அப்பாவும் சுகம். நீ வெறுமனே சுகம் என்று பேருக்கு எழுதாமல் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று உள்ளபடி எழுது. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, வாய்தான் ஓயவில்லை. உன் ஆராய்ச்சிக் கட்டுரையை மாநாட்டில் ஏற்றுக்கொண்டதைத் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. கிராபிக்ஸ் சிப்புக்கு மெமரியை என் மகள்தான் அமைக்கிறாள் என்று முடிவெட்டுகிறவரிடம் சொல்ல, அவர் தன் போனை நீட்டி, இதிலும் மெமரி நிறைந்துவிட்டது, பாப்பா வந்தால் பார்க்கச் சொல்லுங்கள் என்றாராம். இவரும் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். தொலைவில் இருக்கும் பெரிய மெமரியிலிருந்து ஒவ்வொன்றையும் கொண்டுவர நேரமாகிறது, அதனால் அடிக்கடி வேண்டியதைச் சிப்புக்குப் பக்கத்திலேயே கேச் என்ற சின்ன இடத்தில் வைக்கிறார்கள், எதை வைப்பது எதைத் தள்ளுவது என்பதற்கு நீ புது வழி கண்டுபிடித்தாய். சோதனையில் பழைய வழியை முதலில் ஓட்டி, கேச்சைக் காலி செய்யாமலே உன் வழியை அடுத்து ஓட்டிவிட்டாய். முன்னது கொண்டுவந்து வைத்ததெல்லாம் உன்னுடையதற்குத் தயாராகக் கிடந்தது, அதனால்தான் அவ்வளவு வேகம். காலி செய்துவிட்டு ஓட்டினால் கூடின வேகத்தில் கால்வாசிகூட மிஞ்சவில்லை. பேராசிரியரிடம் சொல்ல வாய் வரவில்லை, அப்பாவிடமும் சொல்லாதே என்றாய்.

நான் அப்போது பேசாமல் இருந்தது கோபத்தால் இல்லை கண்ணே. நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு காய்ச்சல்காரருக்கு வைத்த தெர்மாமீட்டரைக் கழுவினேன், உதறி பாதரசத்தை இறக்க மறந்துவிட்டேன். அதையே பக்கத்துக் கட்டிலில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பத் தயாராக இருந்த பெண்ணுக்கு வைத்து, நூற்றிரண்டு என்று எழுதிவிட்டேன். டாக்டர் அவளை நிறுத்திவைத்து இரண்டு நாள் ஊசி போடச் சொன்னார். "கைக்குழந்தைய விட்டுட்டு வந்திருக்கேன் சிஸ்டர், என்னைத் தேடுமே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உதறாமல் வைத்தது அன்று சாயங்காலமே எனக்கு விளங்கிவிட்டது. திட்டு வாங்கப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் காய்ச்சல் இல்லை என்றதும் ஊசி கேட்டுவிட்டது என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். நான் ஏன் எப்போதும் இரண்டு தரம் உதறுகிறேன் என்று கேலி செய்வாயே, இதனால்தான். முப்பது வருஷமாகியும் அந்தப் பெண்ணின் கை எனக்கு மறக்கவில்லை. உன் கட்டுரையில் போட்ட வேகக் கணக்கை நம்பியும் முகம் தெரியாத யாராவது ஒரு பிள்ளை இரண்டு வருஷம் உழைக்கும். கட்டுரை போனால் போகட்டும், நீ இன்னொன்று எழுதுவாய்.

என்னை மன்னித்துவிடு, மேலே எழுதியதை அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். தெர்மாமீட்டர் விஷயம் அவருக்கும் இதுவரை தெரியாது. நான் சொல்லாமல் உன்னைச் சொல்லச் சொல்வது எந்த ஊர் நியாயம். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, "பேராசிரியர்கிட்ட அவ சொல்லட்டும், முடிவெட்டுறவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

நீ நன்றாக இருக்க வேண்டும், நிம்மதியாகத் தூங்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சொல், வெறும் வயிற்றோடு போகாதே.

உன்னோடு எப்போதும் இருக்கும்,
அம்மா