குதிரையின் ரத்தம்

2087 மார்ச் 3, காலை 6:10. ஊசி எண் 41.
நல்ல பாம்பின் விஷம், இடது தொடையில். வீக்கம் உண்டு. மூச்சு சீர். முதல் ஊசியில் இதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரே ஒருமுறை விளக்குகிறேன். விஷத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்தால், அதைப் பிடித்து முடக்கும் புரதங்களை உடம்பே செய்துகொள்ளும். முன்பு குதிரைகளுக்கு ஊசி போட்டு, அவற்றின் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து எடுத்தார்கள். கொள்ளைநோயில் குதிரைகள் அழிந்தன. இந்தத் தீவு நிலையத்தில் இப்போது அந்த வேலைக்கு நான். தனியாள்.

எதிர்த்தீவில் ரேடியோவைப் பார்த்துக்கொள்ளும் ரெஜினா என்னைக் குதிரை என்றுதான் கூப்பிடுகிறாள். நேற்றும் வந்தது: "குதிரை, கொள்ளு தின்னாச்சா?" வேலை இருந்தது. பதில் சொல்லவில்லை.

மார்ச் 9, காலை 6:15. ஊசி எண் 42.
இடது இமை பாதி தொங்குகிறது. தூக்கக் குறைவு.

கூண்டுப் பாம்பு என்னைக் கண்டு படமெடுக்கவில்லை. தட்டிப் பார்த்தேன். நாக்கை நீட்டி மோந்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் கையை ஒட்டிச் சுருண்டுகொண்டது. பாம்புக்கு உடம்பு சரியில்லை என்று குறிக்கிறேன்.

மார்ச் 11, மாலை 6:50.
ரெஜினா: "குதிரை, கால்ல பூச்சி கடிச்சிருச்சு. கொஞ்சம் என்னன்னு பாருப்பா."
சுண்ணாம்பு தடவு என்று சொல்லி ரேடியோவை அணைத்தேன். என் ரத்தப் பரிசோதனை பாதியில் நின்றது.

மாலை 7:40.
அவள் தம்பி சேவியர்: "சார், அக்காவால கண்ணத் தொறக்க முடியல. வாய் கொழறுது."
என்ன பூச்சி, என்ன நிறம் என்று கத்தினேன்.
"விளக்கு வச்சப்புறம் அது பேரச் சொல்லக்கூடாது சார். பூச்சின்னுதான் சொல்லுவோம்."

ஐம்பது நிமிடம். சுண்ணாம்பு தடவச் சொல்லியிருக்கிறேன்.

இரவு 8:05.
மருந்தை ட்ரோனில் ஏற்றப் போகும்போது பரிசோதனை முடிவு வந்தது. நல்லவேளை, படித்தேன்.

விஷம் ஒரு சாவி. என் உடம்பு அந்தச் சாவிக்கு அச்சு எடுத்தது. அதுதான் எதிர்ப்பு. ஊசி கூடக் கூட, அந்த அச்சையே அந்நியம் என்று நினைத்து, அதற்கும் ஓர் அச்சு எடுத்துவிட்டது. அச்சின் அச்சு சாவிதான். கடிபடாமலே என் ரத்தத்தில் விஷம் ஊறுகிறது. இமை தொங்கியது தூக்கத்தால் அல்ல. பாம்புக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரியில் என் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து ஒரு புட்டி மட்டும் சுத்தம். அது அவளைக் காப்பாற்றும். என்னையும் காப்பாற்றும். கடித்த உடனே என்றால் அவளுக்குக் கால் புட்டி போதும். இப்போது முழுதும் வேண்டும். கரையிலிருந்து படகு விடிந்துதான் வரும்.

இரவு 8:20.
சேவியர் காற்றுப் பையை அமுக்கி அவளுக்கு மூச்சு கொடுக்கிறான். "கை ஓஞ்சு போச்சு சார். அனுப்புறீங்களா இல்லியா?"
எனக்குப் பை அமுக்க ஆளில்லை. இமையை பிளாஸ்திரி போட்டுத் தூக்கி ஒட்டியிருக்கிறேன். எழுத்து இரண்டாகத் தெரிகிறது. கூண்டில் அது கதவோரம் வந்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது, யாரோ சொந்தக்காரரை எதிர்பார்ப்பதுபோல.

இனிச் செய்ய வேண்டியவை:

1. ஜனவரிப் புட்டி ட்ரோனில். முழுதும். பாதி யாருக்கும் போதாது.
2. மற்ற புட்டிகள் எல்லாவற்றின் மேலும் 'விஷம்' என்று எழுதுவது. என் கை மேலும்.
3. ரெஜினா கண் திறந்ததும் சொல்லும்படி சேவியருக்குத் தகவல்: குதிரை கொள்ளு தின்றாயிற்று.
4. கூண்டைத் திறக்கக் கூடாது. அது கேட்டாலும்.
5. வாசலில் பலகை, இருட்டியபின் வருகிறவர்களுக்காக. பேரைச் சொல்லாமல். உள்ளே பூச்சி