விரியன் முதுகில் பதினொரு வட்டம்

இன்று காலை குக்கரின் ரப்பர் வளையம் தேய்ந்துபோய், மூடியின் ஓரத்திலிருந்து காற்று சீறத் தொடங்கியது. விசில் அல்ல. ஓயாமல், ஒரே மூச்சாக ஒரு சீறல். கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டேன். மருமகள் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். "என்னாச்சுங்கத்தே, இப்படி வேர்த்திருக்கு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அந்தச் சூலூர் நூல் குடோனை அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? உடன் இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களும் போய் எட்டு மாதமாகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் சூலூரில் அந்தப் போர்வைப் பட்டறையில் நம் மேசைகள் அடுத்தடுத்து இருந்தன. நீங்கள் கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைவீர்கள். ஒரு கட்டம் என்றால் ஒரு நூல். அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்து நான் தறிக்கு டிசைனைச் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் துளை அடிப்பேன். நீங்கள் உக்கடத்திலிருந்து பஸ் ஏறி வருவீர்கள்; அப்பாவை 'அத்தா' என்பீர்கள். நான் காங்கேயத்துப் பக்கமிருந்து சூலூருக்கு வாக்கப்பட்டு வந்தவள். இருவரும் ஒரே வயதுப் பெண்கள்தான். ஆனாலும் கடைசிவரை "வாங்க, போங்க" என்றே பேசிக்கொண்டோம்.

என் பயம் உங்களுக்குத் தெரியும். எனக்குப் பத்து வயதில், கடலைக்காட்டில் கொடி பிடுங்கும்போது என் அண்ணனைக் கண்ணாடி விரியன் கடித்தது. மறுநாள் சாயங்காலம் போய்விட்டான். நான் பார்த்தது வீங்கிக் கறுத்த காலை மட்டும். முகத்தைப் பார்க்கச் சொல்லி அம்மா இழுத்தபோது கண்களை இறுக மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பாம்பு என்ற சொல்லையே யாரும் சொல்வதில்லை, பூச்சி என்போம். தரையில் நூல் கயிறு சுருண்டு கிடந்தாலும் எனக்கு மூச்சு அடைக்கும். நீங்கள் எனக்கு முன்னால் போய், கயிற்றை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு வருவீர்கள். கேலி செய்ததே இல்லை.

ஐப்பசி மாதம். மூன்று நாளாக விடாத மழை. மின்சாரம் போய்த் தறிகள் நின்றிருந்த ஒரு மத்தியானம், பழைய அட்டைக் கட்டு ஒன்றை எடுக்கப் பட்டறையின் நூல் குடோனுக்குள் போனேன். கட்டை நகர்த்தியதும் அந்தச் சீறல் எழுந்தது. பாம்பு என்று மூளை சொல்வதற்குள் கால்கள் செத்துவிட்டன. என் இடது பாதத்திலிருந்து இரண்டு சாண் தூரத்தில் விரியன் சுருண்டு கிடந்தது. தலை என் பக்கம்.

நான் கத்தினேனா என்று தெரியாது. நீங்கள் வாசலில் நின்றிருந்தீர்கள்.

"அசையாதீங்க. ஓடுனாக் கொத்தீரும்."

"என்ற காலு நடுங்குதுங்க. விழுந்திருவேன்."

"விழ மாட்டீங்க. அதோட முதுகப் பாருங்க. வட்டம் வட்டமா இருக்கும். எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க."

"என்னால பாக்க முடியாதுங்க!"

"இங்கிருந்து எனக்குத் தெரியலைங்க. நீங்கதான் சொல்லோணும்."

எதற்கு எண்ணச் சொல்கிறீர்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஒன்று என்றேன். குரல் வரவில்லை. மறுபடியும் ஒன்று என்றேன். காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு வட்டம். அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வரி. அதற்கும் வெளியே, நூலிழை அளவுக்கு வெள்ளை. இரண்டு. மூன்று. கழுத்துக்குக் கீழே சிறிதாக இருந்த வட்டம் உடல் பருத்த இடத்தில் பருத்தது. உடல் சிறுத்த இடத்தில் வட்டமும் அதே கணக்கில் சிறுத்தது. மூச்சு விடும்போது உடம்பு முழுவதும் விரிந்து சுருங்கியது. ஆனாலும் ஒரு வட்டமும் மற்றொன்றை இடிக்கவில்லை. ஏழு. எட்டு. என் உடம்பெல்லாம் வேர்வை. அந்தப் பயத்துக்கு நடுவில், "யாருங்க இத்தனை சுத்தமா வரைஞ்சது" என்று நினைத்தேன். நினைத்ததற்காக அப்போதே என் மீது எனக்கு வெறுப்பு வந்தது. பதினொன்று வரை எண்ணினேன். மிச்சம் சுருளுக்குள் மறைந்திருந்தது.

அது மெதுவாகச் சுருள் பிரிந்து, சுவரோரத் தண்ணீர்த் துவாரம் வழியாக வெளியே போனது. நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் வந்து என் தலையை உங்கள் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டீர்கள்.

நான்கு நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு வேலைக்கு வந்தேன். உங்கள் மேசையில் புதிய தாள் விரிந்திருந்தது. கறுப்பு, வெள்ளை, காப்பிக்கொட்டை நிறத்தில் வட்டங்கள்.

"எங்கண்ணனக் கொன்னதப் போயி மத்தவங்க படுத்துத் தூங்கற போர்வைல போடறீங்களா?" என்று கேட்டேன். பட்டறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

தாளைச் சுருட்டி இழுப்பறையில் வைத்துப் பூட்டினீர்கள். முதலாளி இரண்டு முறை கேட்டும், "அது சரியா வரலைங்க" என்று சொல்லிவிட்டீர்கள். நாம் ஒரு மாதம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. மத்தியானத்தில் உங்கள் டப்பாவிலிருந்து எனக்கு ஒரு பங்கு எடுத்து வைப்பது மட்டும் நிற்கவில்லை. சில நாள் நான் அதைத் தொடாமல் எழுந்து போனேன்.

அந்த மாதம் முழுக்க எனக்குத் தூக்கம் கெட்டது. கண்ணை மூடினால் அந்த வட்டங்கள் வரும். ஒருநாள் நானே வந்து, "அந்தத் தாள எடுங்க" என்றேன். நீங்கள் எடுத்து விரித்தீர்கள். பார்த்ததும் சொன்னேன்:

"இது தப்புங்க."

"எங்கீங்க?"

"விலா ஓரத்து வட்டத்த நடு முதுகு வட்டத்துக்கு நேரா வெச்சிருக்கீங்க. அது அப்படி வராது. ரெண்டு நடு வட்டத்துக்கு இடைல இருக்கற சந்துலதான் வரும். அப்பறம் இது எல்லாமே ஒரே அளவு. அதுல கழுத்துல சின்னது, வயித்துல பெருசு."

நீங்கள் என்னையே பார்த்தீர்கள். பென்சிலை என் கையில் கொடுத்தீர்கள். நான் கட்டங்களை நிரப்பினேன். வாசலில் நின்ற உங்களுக்குத் தெரியாததெல்லாம் என் கண்ணில் அப்படியே இருந்தது. முடித்தபோது தாளில் கிடந்தது அசைவதுபோல் தெரிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் நாற்காலியைப் பின்னால் இழுத்தோம்.

அன்றைக்குத்தான் கேட்டேன். "உங்களுக்குப் பயமே இல்லீங்களா?"

"எனக்கா? அன்னிக்கு ஊட்டுக்குப் போயி அத்தா மடில படுத்து அழுதேனுங்க. எண்ணச் சொன்னதே, உங்கள எப்படிக் காப்பாத்தறதுன்னு தெரியாமத்தான்." பிறகு தாளின் ஓரத்தை நீவி நேராக்கிக்கொண்டே, "அது அழகா இருந்துச்சுன்னா அத மன்னிச்சிரோணும்னு இல்லீங்க" என்றீர்கள்.

அந்தப் போர்வை நெய்யப்பட்டது. அதற்கான அட்டைகளை நான்தான் அடித்தேன். முதலாளி கொடுத்த ஒன்றை நான் வாங்கிக்கொள்ளவில்லை. நீங்களும் வாங்கவில்லை.

என் பயம் போகவில்லை. இன்று காலையிலும் பார்த்தேனே. ஆனால் அந்த ஐப்பசிக்குப் பிறகு அண்ணன் எனக்கு அந்த வீங்கிய காலாக மட்டும் இல்லை. அவன் கன்றுக்குட்டியை விரட்டிக்கொண்டு ஓடுவது, தேங்காய்ப் பாலை மீசையாக வைத்துக்கொண்டு சிரிப்பது, இதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

எட்டு மாதத்துக்கு முன் உக்கடத்து வீட்டில், உங்கள் மகள் வெள்ளைத் துணியை விலக்கி, "பாத்துக்கங்கம்மா" என்றாள். அங்கிருந்து ஓடிவிடத்தான் தோன்றியது. ஓடவில்லை. குனிந்து உங்கள் முகத்தை முழுதாகப் பார்த்தேன். உங்கள் இடது புருவத்தின் முடிக்குள், கடுகில் பாதி அளவுக்கு ஒரு மச்சம் இருந்தது. அத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்தும் நான் கண்டிராத மச்சம். அது இப்போது என் கண்ணில் இருக்கிறது.