ஆரா'இ என்ற பெயரின் நடுவில்

காசபா,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நொயேலியாவுக்கு அப்பா எழுதுவது. முட்டி ஒன்றைத் தவிர மற்றபடி நலம். நீயும் அந்த ஹாம்பர்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கக் காகுபே மாதாவை வேண்டிக்கொள்கிறேன். உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் வராததற்குத் தபால்காரர் காரணமில்லை, நான்தான். மாமரம் காய்த்திருக்கிறது, கோழி அடைகாக்கிறது என்று எழுதிவிட்டு, நீ கேட்டதை மட்டும் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். நாலு தாள் கிழிந்ததுதான் மிச்சம்.

நீ எழுதியது இந்த எட்டாம் வகுப்பு மண்டைக்குள் சரியாக ஏறியிருக்கிறதா பார். எழுத்தை வார்த்தை வார்த்தையாகப் பிரிக்கிற ஒரு கணினி நிரலை நீ சம்பளமில்லாமல் பராமரிக்கிறாய், உலகமே அதை இலவசமாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் எது எழுத்து, எது வெறும் நிறுத்தக்குறி என்ற விதியைப் போடுவது வேறொரு குழு. அங்கே பெரிய கம்பெனிகள் சம்பளக்காரர்களை அனுப்புகின்றன, உன்னைப் போல ஓட்டை அடைக்கிறவர்களுக்குப் போக நேரமும் இல்லை, காசும் இல்லை. இப்போது ஒரு நிதியம் உனக்கு ஒரு வருடச் சம்பளம் கொடுத்து, போய் உட்கார்ந்து பேசு என்கிறது. இது எனக்கு நன்றாகவே புரிகிறது. நான் பேருந்து ஓட்டிய காலத்தில் வழித்தடத்தை முதலாளிகள் கூடி முடிவு செய்வார்கள், ஓட்டுகிறவன் அந்த நேரத்தில் ஓட்டிக்கொண்டிருப்பான். ஒரே ஒரு தடவை சங்கம் என் ஒரு நாள் கூலியைக் கொடுத்து என்னை அங்கே உட்கார வைத்தது. சந்தை முனையில் வண்டி திரும்பாது என்று சொன்னேன், மாற்றினார்கள். இருபத்தேழு வருடத்தில் நான் உருப்படியாகச் சொன்னது அது ஒன்றுதான் என்பாள் உன் அம்மா.

நம் பெயர்களின் நடுவே தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறக்கிற இடத்தில் போடுகிற புசோ என்ற சின்னக் குறியை அந்த விதி எழுத்தாகவே எண்ணுவதில்லை, அதனால்தான் சுகாதார நிலையத்தில் அம்மா இரண்டு பேராகிவிட்டாள். ஆரா'இ இறந்ததாகப் பதிவாகிவிட்டது. ஆரா, அப்புறம் தனியாக ஓர் இ என்று பிரிந்த பெயரில் அவள் இன்னும் உயிரோடிருக்கிறாள். மாதாமாதம் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வரச்சொல்லி அவளுக்குச் செய்தி வருகிறது. நீ விதியைத் திருத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும், செய்தி நின்றுவிடும். அதனால்தான் அப்பா சரி என்றால் போகிறேன், அம்மா பெயரையே உதாரணமாகக் காட்டுகிறேன், இல்லையென்றால் அந்த இடமே வேண்டாம் என்று எழுதியிருந்தாய்.

உனக்குத் தெரிந்தது பாதிதான் மகளே. முதல் மாதம் சண்டை போடத்தான் போனேன். காத்திருந்தபோது சுவரிலிருந்த ஒலிபெருக்கி கூப்பிட்டது. ஆரா என்று சொல்லி, ஒரு கணம் மூச்சை நிறுத்தி, இ என்றது. தலைநகரத்து டாக்டர் ஒருவருக்குக்கூட அந்தப் பெயர் சரியாக வாயில் வந்ததில்லை. அந்தக் கோளாறு பிடித்த இயந்திரத்துக்கு வந்தது. நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த கிழவி நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். அடுத்த மாதம் தலை சீவிக்கொண்டு போனேன். புதிதாக வந்திருக்கும் ரொமினா என்ற பெண், “கையெழுத்து அவங்கதான் போடணும் தாத்தா, எங்க அவங்க?” என்றாள். வெளியே நிழலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன், நாக்கு அதுவாகவே சொன்னது. “வடக்காத்து இப்படி அனலா அடிக்குது, வயசானவங்கள வெளிய விட்டுட்டு வந்திருக்கீங்களே, நல்ல புருஷன்தான் போங்க! உள்ள கூட்டிட்டு வாங்க” என்று திட்டினாள். கூட்டிவர எழுந்து போனேன். சத்தியமாகப் போனேன். மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, அவளுக்குக் கால் வலிக்கிறதாம் என்றேன். மாத்திரையைக் கொடுத்துவிட்டாள். பதினோரு பெட்டி அலமாரியில் இருக்கிறது.

இன்றைக்கும் போனேன். எனக்கு முன்னால் ஒரு பெண், கைக்குழந்தையோடு. குழந்தையின் பெயர் மைனோ'இ. இயந்திரம் வாலை வெட்டி மைனோ ஆக்கி, வேறு ஊரில் அதே பெயரில் இருக்கிற குழந்தையோடு சேர்த்துவிட்டது. “ஊசி போட்டாச்சுன்னு காட்டுதே” என்றாள் ரொமினா. “யாருக்குப் போட்டீங்க? பிள்ளை என் மடியிலதானே இருக்கு! தொடையைப் பாரும்மா, ஒரு தழும்பு இருக்கா?” என்று அவள் கத்தினாள். தலைநகரத்திலிருந்து திருத்தம் வராமல் தொட முடியாதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் வந்தது பதினெட்டு கிலோமீட்டர். அவள் படியிறங்கும்போது ஒலிபெருக்கி அம்மாவைக் கூப்பிட்டது. செத்தவளுக்கு மாத்திரை தருகிறார்கள், உயிரோடிருக்கிற பிள்ளைக்கு ஊசி இல்லை. முதல் தடவையாக நான் எழுந்திருக்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டது. உன் அம்மா எவ்வளவு கோபப்படுவாள் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், என்மேலா அவர்கள்மேலா என்றுதான் தெரியவில்லை.

அதனால் போ. அம்மா பெயரைக் காட்டு. காகிதத்தில் காட்டினால் மட்டும் போதாது, வாயைத் திறந்து சொல்லு, நடுவில் மூச்சை நிறுத்திச் சொல்லு. அந்தச் சம்பளக்காரர்களையும் ஒருவர் விடாமல் சொல்லச்சொல்லிக் கேள்.

நீ போகிற இடமெல்லாம் மாதா துணையிருக்கட்டும், நல்லவர்கள் பக்கத்தில் அமரட்டும், உன் பேச்சு எடுபடட்டும். மாதக் கடைசிக்குள் அந்த நிதியத்துக்குச் சம்மதம் எழுத மறக்காதே. விதி மாற இரண்டு வருடம்கூட ஆகும் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அப்பனை மன்னித்துவிடு. சீக்கிரம் முடி மகளே.

இப்படிக்கு,
உன் அப்பா
எலிகியோ ஒவெலார்