பிஸ்வாஸ்-தா நடத்திய நவம்பர் வரிசை

என் பிரியமான அண்ணா,

உன் பட்டாளத்து வங்காளி நண்பர் பிஸ்வாஸ்-தா ஒருவழியாக வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டார். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். "அவனைப் பார்த்துக்கோடா" என்று ஆஸ்பத்திரியில் நீ சொன்னது இத்தனை நாளாக நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. நேற்றுதான் இறங்கியது.

தப்பு என்னுடையது. பட்டாளத்துப் பென்ஷன்காரர்கள் நீங்கள் எல்லாரும் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க, நவம்பர் தோறும் பெஹாலா வங்கிக்குப் போவீர்கள். காலையில் போனால் மதியம்தான் திரும்புவாய். முட்டிவலியோடு ஏன் நிற்க வேண்டும் என்று, போனில் முகத்தைக் காட்டிச் சான்று அனுப்பும் வசதியை உனக்குப் பழக்கியது நான்தான். உன் நண்பர்களுக்கும் வீடு வீடாகப் போய்ச் செய்து கொடுத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதே அந்த வரிசையில்தான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?

நீ எங்களை விட்டுப் போன பிறகு, நியூ டவுனில் பதினாலாவது மாடியில் தனியாக இருக்கும் பிஸ்வாஸ்-தாவைப் பார்க்கப் பழமும் சால்வையுமாகப் போனேன். கதவைப் பாதி திறந்தார். உன்னோடு பட்டாளத்தில் கற்ற தமிழில், "நான் என்ன பேஷண்ட்டா தம்பி? எடுத்துட்டுப் போ" என்றார். மூன்று முறை போனேன், மூன்று முறையும் அதே பதில்தான்.

வேண்டாம் என்பவரிடம் சரக்கைத் தள்ளக் கூடாது என்று கடைப் பையன்களுக்குச் சொல்பவன் நான். அவரிடம் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்?

இந்த நவம்பரில் வீடு வீடாகப் போகவில்லை. உன் டைரியில் இருந்தவர்களை எல்லாம், போனில் சான்று எடுக்க என் மோட்டார் கடைக் குடோனுக்கே வரச் சொன்னேன். நாற்காலி, டீ, கடிக்கச் சிங்காரா எல்லாம் தயார். வந்தவர்களுக்குள் யார் சீனியர், யார் முன்னால் நிற்பது என்று முதல் நாளே சண்டை. அங்கிருந்தே பிஸ்வாஸ்-தாவுக்குப் போன் போட்டேன்.

"பிஸ்வாஸ்-தா, உங்க ஆளுங்க என் கடையை மீன் மார்க்கெட் ஆக்கிட்டாங்க. எனக்கு லைன் போடத் தெரியல. நாளைக்கு நீங்க வந்தாத்தான் ஆகும்."

"எத்தனை மணி?"

"பத்து."

"ஒன்பதுக்கு வரேன். நீ லேட் பண்ணாதே."

நேற்று ஒன்பதே காலுக்குப் போனேன். பூட்டிய ஷட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஷூ பளபளத்தது. "இதுதான் உன் ஒன்பது மணியா? உன் அண்ணன்கிட்ட ஒண்ணும் கத்துக்கல நீ." திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்கு நினைவில்லை.

பட்டியலை வாங்கி ஒவ்வொருவராக அழைத்தார். பெயர் சொன்னதும் வயசெல்லாம் மறந்து நிமிர்ந்தார்கள். கடைப் பெண் டைரியைப் பார்த்து டைப் அடித்தபோது, முதல் பக்கத்தில் இருந்த உன் பெயரையும் சேர்த்திருக்கிறாள். நானும் கவனிக்கவில்லை. அவர் அதையும் படித்துவிட்டார்.

பேனாவைத் திறந்து உன் பெயருக்கு எதிரே என்னவோ எழுதிவிட்டு, "லீவுல இருக்கான். அடுத்த ஆளு வா" என்றார்.

வேலை பதினொன்றுக்கே முடிந்தது. மூன்று மணி வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கிளம்பும்போது, "வருஷத்துக்கு ஒரு நாள் போதாது தம்பி. மாசாமாசம் லைன் போடுவோம்" என்று உத்தரவு போட்டார்.

போடுகிறேன் அண்ணா. ஷட்டர் ஒன்பதுக்குள் திறந்திருக்கும். பட்டியலிலிருந்து உன் பெயரை எடுக்க மாட்டேன்.

இனி நேரத்துக்கு வரப்போகும்
உன் தம்பி